பொலிவியா: கடல் இல்லாத நாட்டைப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

தென் அமெரிக்கான்னாலே பிரேசில், அர்ஜென்டினா, ஃபுட்பால்னு முடிச்சிடுறோம், நடுவுல இவ்ளோ பெரிய நாடு ஒண்ணு இருக்கறதே நிறைய பேருக்கு பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் பத்தின நியூஸ் வந்தப்புறம்தான் தெரியும். கேக்குற கேள்வியும் சுத்தி சுத்தி அதேதான் வருது, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

பொலிவியா எங்க இருக்கு? எவ்ளோ பெருசு?

தென் அமெரிக்காவோட நடு வயித்துல. வடக்கும் கிழக்கும் பிரேசில், தென்கிழக்குல பராகுவே, தெற்குல அர்ஜென்டினா, தென்மேற்குல சிலி, மேற்குல பெரு. பரப்பளவு கிட்டத்தட்ட 11 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவுல மூணுல ஒரு பங்கு. ஆனா மக்கள் 2024 சென்சஸ்படி 1 கோடியே 13 லட்சம் சொச்சம்தான். தமிழ்நாட்ட விட எட்டு மடங்கு பெரிய நிலத்துல இவ்ளோ பேர்தான்னா எவ்ளோ காலியா கிடக்கும்னு யோசிச்சுக்கோங்க. அந்த கண்டத்துல கடல் இல்லாத நாடு ரெண்டே ரெண்டு, இதுவும் பராகுவேவும்.

முன்னாடி கடல் இருந்துச்சாமே, எப்படி போச்சு?

இருந்துச்சு. 1825 ஆகஸ்ட் 6 சுதந்திரம் வாங்கினப்ப பசிபிக் ஓரமா அட்டகாமா பாலைவனத்துல ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கடற்கரை இவங்க கிட்ட இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா மக்கள் எல்லாம் மேல மலைல, கடற்கரை கீழ ஒரு சொட்டு மழை இல்லாத பாலைவனத்துல, அங்க போய் குடியேற பொலிவியாக்காரங்க யாருக்கும் இஷ்டமில்ல. அப்புறம் அந்த பாலைவனத்துலதான் வெடியுப்பு கிடைச்சுது, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகம் பூரா அதுக்கு டிமாண்ட். தோண்ட வந்தது சிலி ஆளுங்களும் பிரிட்டிஷ் பணமும். 1878-ல பொலிவியா அரசாங்கம் குவின்டாலுக்கு 10 சென்டாவோ (அவங்க ஊர் பைசா) வரி போட்டுச்சு, தோண்டிட்டிருந்த சிலி கம்பெனி கட்ட மாட்டேன்னு சொல்லுச்சு, சொத்தை ஏலம் விடப்போறோம்னு இவங்க சொல்ல, ஏலம் விட வேண்டிய அதே நாள், 1879 பிப்ரவரி 14, சிலி படை பொலிவியாவோட துறைமுகமான அன்டோஃபகாஸ்டால வந்து எறங்கிடுச்சு. அந்த ஊர்ல அப்பவே பொலிவியாக்காரங்கள விட சிலிக்காரங்கதான் ஜாஸ்தி. பெருவும் பொலிவியா பக்கம் சேர்ந்து சண்டை போட்டுச்சு, ரெண்டு பேருமே தோத்தாங்க.

1884-ல சண்டை நிறுத்தம், 1904-ல ஒப்பந்தம். கடற்கரை நிரந்தரமா சிலிக்கு. பதிலுக்கு சிலி அரிகா துறைமுகத்துல இருந்து அரசாங்கம் இருக்கற லா பாஸ் வரைக்கும் ரயில் போட்டுக் குடுக்கும் (1913-ல ஓட ஆரம்பிச்சுது), 3 லட்சம் பவுண்டு பணம், அப்புறம் பொலிவியா சரக்கு சிலி வழியா வரியில்லாம போய் வரலாம். கையெழுத்து போட்டது போட்டதுதான், ஆனா அந்த நாட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கூட மனசார அதை ஒத்துக்கல.

கடல் மட்டும் போகல. 1903-ல ஆக்ரே பகுதி பிரேசிலுக்கு போச்சு, ரப்பர் காடு மொத்தமும். 1932-ல இருந்து 35 வரைக்கும் பராகுவே கூட சாக்கோ சண்டை, அதுலயும் பெரும்பகுதி நிலம் போச்சு. அண்டை நாட்டுல யாருக்கு எவ்ளோ விட்டுக் குடுத்தாங்கன்னு ஸ்கூல் பசங்க மேப்ல கலர் அடிச்சு படிக்கற நாடு இது.

கடலே இல்லாம நேவி எதுக்கு?

எல்லாரும் சிரிக்கற கேள்வி, அவங்க சிரிக்க மாட்டாங்க. டிட்டிகாகா ஏரில, அமேசானுக்கு ஓடுற ஆறுகள்ல எல்லாம் ரோந்து போறாங்க, கடத்தல் பிடிக்கறாங்க, வெள்ளத்துல மக்களை மீட்கறாங்க. ஆயிரக்கணக்குல ஆள் இருக்கற முழு படை. மார்ச் 23 'கடல் நாள்', 1879-ல கலாமா பக்கத்துல சரணடைய மறுத்து செத்த எட்வர்டோ அபரோவாவுக்கு மாலை போட்டு ஊர்வலம் போவாங்க. 2018 மார்ச்ல லா பாஸ் ஒருரோ ஹைவேல கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலக் கொடியை விரிச்சு நின்னாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1 ஹேக் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: கடல் வழி குடுக்கறத பத்தி பொலிவியா கூட பேசியே ஆகணும்னு சிலிக்கு சட்டக் கட்டாயம் எதுவும் இல்ல. நீதிபதிகள் ஓட்டு 12-க்கு 3.

பேசி முடிக்க சான்ஸே வரலையா?

ஒரு தடவ கை கிட்ட வந்துச்சு. 1975-ல சிலில பினோஷே, பொலிவியால ஹ்யூகோ பான்சர், ரெண்டு பேரும் சர்வாதிகாரி. அரிகாவுக்கு வடக்கால ஒரு ஒல்லி பாதை தர்றேன்னு பேச்சு. ஆனா அந்த நிலம் முன்னாடி பெருவோடது, 1929 ஒப்பந்தப்படி பெரு சம்மதம் இல்லாம சிலி அதை மூணாம் ஆளுக்கு குடுக்க முடியாது. பெரு வேற ஒரு யோசனை சொல்ல, சிலி அதை ஒத்துக்கல, 1978-ல பேச்சு முறிஞ்சு தூதரக உறவும் முறிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ரெண்டு நாட்டுலயும் தூதர் கிடையாது, கான்சல் மட்டும்தான்.

சரி, கடல் இல்லாததால நெஜமா என்ன நஷ்டம்?

இங்கதான் நான் கொஞ்சம் மாத்தி பேசுவேன். நஷ்டம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அரிகால எறங்குற கன்டெய்னர் லா பாஸ் வர ஏறக்குறைய 500 கிலோமீட்டர், கடல் மட்டத்துல இருந்து கிளம்பி 4,600 மீட்டருக்கு மேல ஏறி தாம்போ கெமாடோ பார்டர்ல கஸ்டம்ஸ் க்யூல நின்னு வரணும், சிலி கஸ்டம்ஸ் ஸ்ட்ரைக் பண்ணா லாரி வரிசை கிலோமீட்டர் கணக்குல நிக்கும், டிரைவருங்க அந்த குளிர்ல வண்டிக்குள்ளயே சமைச்சு தூங்குவாங்க. சோயா மாதிரி கிழக்கு பக்கத்து சரக்கு பராகுவே, பரானாங்கற ஆறுகள் வழியா பார்ஜ்ல அர்ஜென்டினா வரைக்கும் போகும், ஆத்துல தண்ணி கொறைஞ்சா அதுவும் நிக்கும்.

ஆனா சிலி துறைமுகத்துல பொலிவியா சரக்குக்கு சலுகையும் இருக்கு, அரிகால இம்போர்ட் சரக்கை ஒரு வருஷம் வரைக்கும் வாடகையில்லாம வச்சுக்கலாம். பெருவுல இலோ பக்கத்துல 1992-லயே 5 கிலோமீட்டர் கடற்கரையை பயன்படுத்திக்கோங்கன்னு குடுத்தாங்க, பேரு கூட பொலிவியாமார்னு வச்சாங்க, பல வருஷம் அங்க மணலைத் தவிர ஒண்ணும் இல்ல. அதனால ஏழ்மைக்கு எல்லாம் கடல்தான் காரணம்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். அந்த நாட்டை அதிகமா படுத்தினது வேற வியாதி, ஒவ்வொரு காலத்துலயும் ஒரே ஒரு பொருளை நம்பி வாழ்ந்தது. அதை கீழ சொல்றேன்.

முழுக்க மலை நாடா?

ஃபோட்டோ பாத்தா அப்படித்தான் தோணும், ஆனா நாட்டுல மூணுல ரெண்டு பங்கு தாழ்வான சமவெளி. மேற்குல ஆண்டீஸ் மலைத்தொடர் ரெண்டு கிளையா பிரியுது, நடுவுல அல்டிபிளானோன்னு 3,600, 3,800 மீட்டர்ல ஒரு மொட்டை மேட்டுநிலம். அங்கதான் டிட்டிகாகா ஏரி (3,812 மீட்டர், பாதி பெருவோடது), அங்கதான் உயுனி உப்பு வெளி, 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல வெள்ளை வெளேர்னு. மழைக்காலத்துல ஒரு விரக்கடை தண்ணி நிக்கும்போது வானம் கீழயும் தெரியும், எல்லாரும் போடுற ஃபோட்டோ அது. ரெண்டாவது பெரிய ஏரியா இருந்த போபோ 2015-ல வத்தியே போச்சு. வெயில், வறட்சி, மேல ஆத்துத் தண்ணியை விவசாயத்துக்கும் சுரங்கத்துக்கும் திருப்பினது எல்லாம் சேர்ந்து. அந்த ஏரில மீன் பிடிச்சு பிழைச்ச ஊரு மக்கள் உப்பளத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலிக்கு போயிட்டாங்க.

அங்க இருந்து கிழக்கால எறங்கினா யுங்காஸ், செங்குத்தான பச்சை மலைச்சரிவு, காப்பி கோக்கா எல்லாம் அங்க. தெற்கால கோச்சபம்பா, 2,500 மீட்டர் சுமார், வருஷம் பூரா நல்ல கிளைமேட். இன்னும் எறங்கினா சாண்டா குரூஸ், 400 மீட்டர்தான், வெக்கை, மாடு, சோயா, நாட்டோட பெரிய வியாபார ஊரு. மலைக்காரங்களை கோயான்னும் சமவெளிக்காரங்களை காம்பான்னும் சொல்வாங்க, ரெண்டு பேருக்கும் ஆகாது, பேச்சு, சாப்பாடு, ஓட்டு எல்லாமே வேற.

தலைநகரம் லா பாஸா சுக்ரேவா?

சட்டப்படி சுக்ரே. 1899 உள்நாட்டு சண்டைல லா பாஸ் கோஷ்டி ஜெயிச்சு அரசாங்கத்தையும் பார்லிமென்ட்டையும் தூக்கிட்டு போயிடுச்சு, சுப்ரீம் கோர்ட் மட்டும் சுக்ரேல மிச்சம். க்விஸ்ல கேட்டா சுக்ரேன்னு சொல்லுங்க.

அவ்ளோ உயரத்துல எப்படி வாழறாங்க?

லா பாஸ் 3,600 மீட்டர், ஊட்டியை விட ஒன்றரை மடங்குக்கு மேல. மேல விளிம்புல இருக்கற எல் ஆல்டோ 4,000-க்கும் மேல, ஏர்போர்ட் அங்கதான், காத்து லேசா இருக்கறதால விமானம் எழும்ப 4 கிலோமீட்டர் ரன்வே வேணும். தண்ணி 87, 88 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது. அங்கயே பொறந்து வளர்ந்தவங்க உடம்பு தலைமுறை தலைமுறையா பழகிடுச்சு, புதுசா போறவங்களுக்கு தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல், அதுக்கு சொரோச்சேன்னு பேரு. முதல் ரெண்டு நாள் படிக்கட்டு ஏறாம கம்முனு இருக்கறதுதான் வைத்தியம்.

இதை வச்சுதான் ஃபுட்பால்ல வெளிநாட்டு டீமை வாட்டுவாங்க. 2009 ஏப்ரல் 1 லா பாஸ்ல அர்ஜென்டினாவை 6-1-னு அடிச்சாங்க, மெஸ்ஸி ஆடினார், மரடோனா கோச். 2025 செப்டம்பர்ல எல் ஆல்டோல பிரேசிலை 1-0. கீழ எறங்கி ஆடினா வேற கதை.

வானத்துல கேபிள் கார்தான் பஸ்ஸாமே?

ஆமா, மி டெலிஃபெரிகோ. 2014-ல ஆரம்பிச்சாங்க, இப்ப 10 லைன், 30 கிலோமீட்டருக்கு மேல. லா பாஸ் ஒரு பள்ளத்தாக்குக்குள்ள இருக்கு, எல் ஆல்டோ மேல, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுல மினிபஸ் ஜாம். மெட்ரோ தோண்ட முடியாத ஊருக்கு இது ரொம்ப புத்திசாலித்தனமான ஐடியா. இன்னொண்ணு, அங்க பணக்காரங்க கீழ, ஏழைங்க மேல, கீழ போகப் போக குளிர் கொறையும் காத்து கூடும். கேபிள் கார் வந்தப்புறம் மேல இருக்கறவங்க கீழ வந்து உக்காரறாங்களேன்னு சிலருக்கு எரிச்சல் கூட வந்துச்சு.

மக்கள் யாரு? என்ன மொழி?

2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷோட 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சி மொழின்னு சொல்லுது, நாட்டு பேரே 'பல்தேசிய அரசு'ன்னு மாத்திட்டாங்க. பெரிய கூட்டம் கெச்சுவா, அய்மாரா, தாழ்நிலத்துல குவாரானி, இன்னும் சின்ன சின்ன இனங்கள். யுங்காஸ்ல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்காங்க, ஸ்பானிஷ்காரன் அடிமையா கொண்டு வந்தவங்க வாரிசு. சாண்டா குரூஸ் பக்கம் ஜெர்மன் பேசுற மென்னனைட் கிறிஸ்தவங்க குதிரை வண்டில போவாங்க, இன்னொரு பக்கம் ஒகினாவான்னே பேரு வச்ச ஜப்பான் குடியேற்றம்.

பெரும்பான்மையா பழங்குடி மக்கள் இருந்தும் 1952 புரட்சி வரைக்கும் அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, படிக்கத் தெரியணும்னு கண்டிஷன். பண்ணையில கொத்தடிமை வேலை. புரட்சிக்கப்புறம்தான் ஓட்டு, நிலம், ஸ்கூல் எல்லாம். பழங்குடி ஒருத்தர் ஜனாதிபதி ஆக 2006 வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்துச்சு, ஈவோ மொராலேஸ், அய்மாரா, கோக்கா விவசாயிகள் சங்கத் தலைவர். மூணு தடவ ஜெயிச்சார், நாலாவது தடவ நிக்க ரெஃபரண்டம்ல மக்கள் வேணாம்னு சொல்லியும் கோர்ட் வழியா நின்னார், 2019-ல எலெக்‌ஷன் தகராறுல நாட்டை விட்டே போக வேண்டி வந்துச்சு. நல்லதும் நிறைய பண்ணார், நாற்காலிய விடத் தெரியலங்கறதும் உண்மை.

அந்த வட்டத் தொப்பி பொம்பளைங்க?

சோலிட்டாஸ். பல அடுக்கு பாவாடை, சால்வை, ரெண்டு ஜடை, தலைல பௌலர் தொப்பி. ஒரு காலத்துல இந்த டிரெஸ்ல வந்தா நல்ல ஹோட்டல், ஆஃபீஸுக்குள்ள விட மாட்டாங்க. இப்ப டிவி ஆங்கர், எம்.பி, மலையேற்றம், மல்யுத்த ரிங் வரைக்கும் அதே டிரெஸ்தான். நல்ல சால்வை, தொப்பி எல்லாம் செம காஸ்ட்லி.

கோக்கா இலை லீகலா?

இலை லீகல், அதுல இருந்து எடுக்கற போதைப்பொருள் கொகெய்ன் லீகல் இல்ல. இலைய கன்னத்துல அடக்கி சாறு எறக்கறது ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம், பசியும் உயரத்துத் தலைவலியும் தெரியாது, சுரங்கத் தொழிலாளிக்கு அதுதான் மதிய சாப்பாடு மாதிரி. 2017 சட்டப்படி 22,000 ஹெக்டேர் வரைக்கும் பயிர் பண்ணலாம். ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்துல இருந்தே வெளிய வந்து, 2013-ல இலை மெல்லுறதுக்கு மட்டும் விலக்கு வாங்கிட்டு திரும்பிச் சேர்ந்தாங்க. விளையறதுல ஒரு பகுதி கொகெய்னுக்கு போகுதுங்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

பொருளாதாரம் எதுல ஓடுது?

இதுதான் மெயின் கதை, கொஞ்சம் நீளமா வரும். 1545-ல பொடோசில செரோ ரிகோ மலைல வெள்ளி கிடைச்சுது. 1600-களோட ஆரம்பத்துல அந்த குளிர்ல, அந்த உயரத்துல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வாழ்ந்த ஊரு, அன்னிக்கு உலகத்துலயே பெரிய ஊர்கள்ல ஒண்ணு. மீட்டான்னு ஒரு முறை, ஒவ்வொரு கிராமமும் முறை வச்சு ஆளை சுரங்கத்துக்கு அனுப்பியே ஆகணும், போனவங்க நிறைய பேர் திரும்பல. அந்த வெள்ளி ஸ்பெயினுக்கு போச்சு, மணிலா வழியா சீனாவுக்கு போச்சு, சுத்தி இந்தியாவுக்கும் வந்துச்சு, பொடோசில மிஞ்சினது ஓட்டை மலை. இன்னிக்கும் கூட்டுறவு சங்கம் வச்சு அதே மலைய தோண்டறாங்க, உச்சி உள்வாங்குதுன்னு யுனெஸ்கோ 2014-ல ஆபத்து லிஸ்ட்ல போட்டுடுச்சு. உள்ள எல் டியோன்னு கொம்பு வச்ச ஒரு சாமி சிலை, சிகரெட் பத்த வச்சு குடுத்து, சாராயம் ஊத்திட்டுதான் வேலைக்கு போவாங்க.

வெள்ளிக்கப்புறம் தகரம். சிமோன் பாட்டின்யோன்னு ஒருத்தர், உலகப் பணக்காரர்கள்ல ஒருத்தரா ஆனார், ஐரோப்பால போய் உக்காந்துட்டார். 1952-ல சுரங்கத்தை எல்லாம் அரசு எடுத்துச்சு, 1985-ல உலகச் சந்தைல தகரம் விலை சாய்ஞ்சுது, 20,000-க்கும் மேல தொழிலாளிங்க வேலை போச்சு. அதே வருஷம் விலைவாசி ஆயிரக்கணக்கான சதவீதத்துல ஏறுச்சு, கடைக்கு கட்டு கட்டா நோட்டு தூக்கிட்டு போனாங்க, 1987-ல 10 லட்சம் பழைய பேசோவுக்கு ஒரு பொலிவியானோன்னு புது நோட்டு அடிக்க வேண்டியதாச்சு. வேலை போன சுரங்கத் தொழிலாளிங்க பாதி பேர் எல் ஆல்டோவுக்கும், பாதி பேர் சபாரேங்கற தாழ்வான காட்டுப் பகுதில கோக்கா பயிர் பண்ணவும் போனாங்க. பின்னாடி ஈவோ கட்சி வளர்ந்தது இந்த கூட்டத்துலதான்.

அப்புறம் கேஸ், அதாவது இயற்கை எரிவாயு. 1999-ல இருந்து பிரேசிலுக்கு பைப்லைன். 2003-ல கேஸை சிலி துறைமுகம் வழியா அமெரிக்காவுக்கு ஏத்துமதி பண்ணப் போறாங்கன்னு பேச்சு வந்ததும் எல் ஆல்டோ எழும்பிடுச்சு. கேஸ் வெளிய போறதே கோபம், அதுவும் சிலி வழியாவா? 60 பேருக்கு மேல செத்தாங்க, ஜனாதிபதி சான்செஸ் டி லொசாடா அமெரிக்காவுக்கு ஓடினார். 2006 மே 1 ஈவோ கேஸ் வயலை அரசாங்க கைக்கு கொண்டு வந்தார், அப்ப உலக விலையும் ஏறுச்சு, 60 சதவீதமா இருந்த வறுமை 2019-ல 37-க்கு வந்துச்சு. ரோடு, கேபிள் கார், ஸ்கூல் பசங்களுக்கு உதவித்தொகை எல்லாம் அந்த காசுதான். ஆனா புது வயல் தேட காசு போடல.

இப்ப டாலர் தட்டுப்பாடுன்னு சொல்றாங்களே?

புது கேஸ் வயல் தேடாததோட பலன்தான். கேஸ் உற்பத்தி 2014-ல இருந்து எறங்கிட்டே வந்துச்சு, அர்ஜென்டினாவுக்கு அனுப்பறது 2024-ல நின்னே போச்சு. 2014-ல சென்ட்ரல் பேங்க்ல 1,500 கோடி டாலர் கையிருப்பு, 2023 கடைசில 200 கோடி கூட இல்ல. ஆனா டாலருக்கு 6.96-னு 2011-ல இருந்து ரேட்டை புடிச்சு வச்சிருந்தாங்க, பேங்க்ல போனா டாலர் இல்ல, தெருவுல ரெண்டு மடங்கு விலை. டீசல்ல பெரும்பகுதி இம்போர்ட், அதை பாதி விலைக்கு கீழ வித்துட்டு இருந்தாங்க, டாலர் இல்லாததால பங்க்ல லாரி நாள் கணக்குல க்யூ. 2010 டிசம்பர்ல ஈவோ மானியத்தை எடுக்கப் பாத்து ஒரே வாரத்துல பின்வாங்கினார். 2025 எலெக்‌ஷன்ல அவங்க கட்சி சுத்தமா காலியாகி ரோட்ரிகோ பாஸ் ஜனாதிபதியா வந்தார், வந்த அடுத்த மாசமே மானியத்தை தூக்கினார். அதுக்கு தெருவுல என்ன நடந்திருக்கும்னு சொல்லவே வேணாம். பொலிவியால அரசியல்னாலே ரோட்டுல கல்லைப் போட்டு மறிக்கறதுதான், ஆசிரியர், டிரைவர், விவசாயி எல்லாருக்கும் அதே வழி, ஒரு ஊருக்கு ஒரே ஹைவே இருக்கற நாட்டுல அது வேலையும் செய்யுது.

லித்தியம் இருக்கே, அடுத்த சவுதி ஆயிடுமா?

20 வருஷமா இதே கேள்வி. உயுனி உள்பட உப்பு வெளிகளுக்கு கீழ 2 கோடி டன்னுக்கும் மேல லித்தியம் இருக்குன்னு அமெரிக்க புவியியல் துறை கணக்கு, உலகத்துலயே அதிகமான நாடுகள்ல ஒண்ணு. ஆனா இருக்கறது வேற எடுக்கறது வேற. உயுனி உப்புத் தண்ணில மக்னீசியம் ஜாஸ்தி, பிரிக்க செலவாகும். சிலி அட்டகாமால மழையே கிடையாது, வெயில்ல காய வச்சு எடுத்துடுவாங்க, உயுனில வருஷா வருஷம் மழை பெஞ்சு தண்ணி நிக்கும். 2023 டிசம்பர்ல வருஷத்துக்கு 15,000 டன்னுக்கு ஒரு ஃபேக்டரி திறந்தாங்க, அதுல ஒரு சின்ன பங்குதான் வருது. சீன, ரஷ்ய கம்பெனிங்க கூட ஒப்பந்தம் போட்டாங்க, பார்லிமென்ட்ல சண்டை. பொடோசிக்காரங்க "வெள்ளிய குடுத்து ஏமாந்தோம், இதுவுமா"ன்னு கேக்கறாங்க, கேக்கறது நியாயம்தான், ஆனா அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தா உப்புக்கு கீழயே கிடக்கும்.

விவசாயம்?

சாண்டா குரூஸ்ல சோயா, மாடு, அதுக்காக காட்டை எரிக்கறது பெரிய கொடுமை, 2024-ல வரலாறு காணாத அளவுக்கு எரிஞ்சுது. வடக்கு அமேசான்ல ரிபெரால்டா பக்கம் பிரேசில் நட், பேருதான் பிரேசில், தோல் உரிச்ச பருப்பு ஏத்துமதில முதல் இடம் பொலிவியாவுக்கு. அல்டிபிளானோல கீன்வாங்கற தானியமும் உருளைக்கிழங்கும். உருளைய ராத்திரி பனில உறைய வச்சு, பகல்ல கால்ல மிதிச்சு தண்ணி எடுத்து காய வச்சா சுன்யோ, வருஷக்கணக்குல கெடாது. அப்புறம் நம்ம வேர்க்கடலையோட பூர்வீகமே தெற்கு பொலிவியா, வடக்கு அர்ஜென்டினா பக்கம்தான், அங்க அதை அரைச்சு சூப்பே வைக்கறாங்க.

இந்தியாவுக்கும் அவங்களுக்கும் ஏதாவது உண்டா?

தங்கம். பொலிவியால இருந்து இந்தியா வாங்கறதுல ஏறக்குறைய எல்லாமே சுத்திகரிக்காத தங்கம், இங்க வந்து உருக்கி சுத்தம் பண்றாங்க. 2022 வாக்குல கேஸை விட தங்கம்தான் அவங்க ஏத்துமதில பெருசா ஆயிடுச்சு. அதை எடுக்க லா பாஸுக்கு வடக்கால ஆத்துல பாதரசத்தை கொட்டறாங்க, பேனி ஆத்து மீனை சாப்பிடற பழங்குடி மக்கள் உடம்புல அது ஏறியிருக்கு, நகைக்கடைல இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, ஜிண்டால் ஸ்டீல் 2007-ல எல் முட்டூன் இரும்பு மலைக்கு 210 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுச்சு, பிரேசில் பார்டர் கிட்ட. கேஸ் சப்ளை வரல, நிலம் லேட்டுன்னு இவங்க சொல்ல, காசு போடலன்னு அவங்க சொல்ல, 2012-ல முறிஞ்சு போச்சு. அப்புறம் சீனக் கடன்ல ஒரு ஸ்டீல் ஆலை கட்டி 2025-ல திறந்தாங்க. 2019 மார்ச்ல ராம்நாத் கோவிந்த் போனார், இந்திய ஜனாதிபதி ஒருத்தர் அங்க போனது அதுதான் முதல் தடவ.

சுத்திப் பாக்க எப்ப போகலாம்?

உயுனில கண்ணாடி மாதிரி தண்ணி பாக்கணும்னா ஜனவரில இருந்து மார்ச், வெள்ளை உப்புல ஜீப் ஓட்டணும்னா மே முதல் அக்டோபர். பிப்ரவரி, மார்ச் வாக்குல போனா ஒருரோ கார்னிவல் கிடைக்கும், பிசாசு முகமூடி போட்டு நாள் பூரா ஆடுவாங்க. கீழ காட்டுப் பக்கம் போனா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கோங்க, இந்தியா திரும்பும்போதும் அந்த கார்டை கேப்பாங்க. முடிஞ்சா சாண்டா குரூஸ்ல எறங்கி, கோச்சபம்பா, சுக்ரேன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏறி லா பாஸ் போங்க, நேரா எல் ஆல்டோல போய் எறங்குனா முதல் நாள் ரூம் சீலிங்கைத்தான் சுத்திப் பாப்பீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எந்த ரோடு மறிச்சிருக்காங்கன்னு ஹோட்டல்ல கேட்டுக்கோங்க.